கறுப்பு உறை போட்ட வயர் எல்லாம் ‘கேபிள்’ இல்லை

“வயருக்கு மேல உறை இருந்தால் அது கேபிள்தான், ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில பவர்=கேபிள் எண்டே போடுங்கோ” எண்டு மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் எண்டது எல்லாரும் சேர்ந்து வரையிற இணைய வரைபடம்; பவர்=கேபிள் எண்டது அதில வரையிற பொருள் என்ன எண்டு சொல்லுற குறிச்சொல். அண்ணை, நீங்கள் சொல்லுறது பிழை. புதுசா வாற பிள்ளையள் இதைப் பாத்து மாத்தத் தொடங்கினால் யாழ்ப்பாணத்து மின்வலை முழுக்கக் குழம்பிப் போகும்.

அந்த வரைபடத்தில பவர்=கேபிள் எண்டது நிலத்துக்குக் கீழயோ கடலுக்கு அடியிலயோ போறதுக்குத்தான். ஒழுங்கையில கம்பத்துக்குக் கம்பம் தொங்குற முறுக்கின கறுப்பு வயர், உறை இருந்தாலும் பவர்=மைனர்_லைன் (சின்ன மின்லைன்) தான். பக்கத்தில பீங்கான் குமிழில கட்டின வெறுங்கம்பியும் அதேதான். 33 கிலோவோல்ட், 11 கிலோவோல்ட் கம்பத்து லைனும் அதுக்குள்ளதான் வரும். கிளிநொச்சியில இருந்து சுன்னாகத்துக்கு இரும்புக் கோபுரத்தில வாற 132 கிலோவோல்ட் லைனுக்குத்தான் பவர்=லைன்.

குழப்பத்துக்குக் காரணம் ‘கேபிள்ஸ்’ எண்ட இன்னொரு குறிச்சொல் எண்டு நினைக்கிறன். அது எத்தினை மின்கம்பி எண்டு எண்ணுறதுக்கு மட்டும். இரட்டைச் சுற்றுக் கோபுரமெண்டால் (ரெண்டு தனி மின்சுற்று, பக்கத்துக்கு ஒண்டாப் போறது) பக்கத்துக்கு மூண்டாக 6. உச்சியில ஓடுற மெல்லிய நிலக்கம்பியைச் சேர்க்காதேங்கோ. வோல்டேஜை வோல்ட்டில, 132000 எண்டு எழுதவேணும்.

அதே கம்பத்தில கீழ தொங்குற டெலிபோன் வயருக்கு ‘பவர்’ போடவே கூடாது, அது கொம்யூனிகேஷன்=லைன். போன கிழமை கொக்குவில் பக்கம் இப்பிடி மாத்திக் கிடந்த மூண்டு ஒழுங்கையை நடந்து பாத்துத் திருத்தினனான். தயவுசெய்து திரும்ப மாத்தாதேங்கோ.