எட்டு மாதத்தில் பி.ஆர். என்று விற்பவர்களுக்கு

எட்டு மாதம் படித்தால் கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியுரிமம், வாங்கிவிடலாம் என்று இன்றைக்கும் ஒருவர் கூசாமல் சொல்லிக் காசு பார்க்கிறார். நேற்று இரவு என் சித்தி மகன் அந்த முகவரை என்னோடு தொலைபேசியில் இணைத்துவிட்டான். பேசி முடித்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்காவது அந்தக் குரல் பழக்கமானதாகவே இருக்கும்.

எட்டு மாதச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தால் எத்தனை மாத வேலை அனுமதி கிடைக்கும் என்று முதலில் கேட்டேன். "வொர்க் பர்மிட் கட்டாயம் கிடைக்கும் மேடம்" என்றார். கிடைக்குமா என்று நான் கேட்கவில்லையே, எத்தனை மாதம் என்றுதானே கேட்டேன்? திரும்பக் கேட்டதும், மூன்று வருடம் வரைக்கும் தருவார்கள் என்றார். மூன்று வருடம் என்பது இரண்டாண்டோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கும், 2024 பிப்ரவரி 15 முதல் முதுகலைப் பட்டம் முடிப்பவர்களுக்கும் உரியது. இரண்டாண்டுக்குக் குறைந்த சான்றிதழ்ப் படிப்பு என்றால், படிப்பு எவ்வளவு காலமோ அனுமதியும் அவ்வளவு காலம்தான். எட்டு மாதம் படித்தவனுக்கு எட்டு மாதம். கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து பி.ஆர். தருகிற கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டுமானால் ஓராண்டுத் திறன்சார் வேலை, அதாவது 1,560 மணி நேரம், கையில் இருக்க வேண்டும். எட்டு மாத அனுமதியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் எப்படி வேலை செய்வான் என்று கேட்டேன்.

"ஓவர்டைம் செய்தால் ஆயிற்று மேடம்" என்று உடனே பதில் வந்தது. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கூடுதல் நேரம் கணக்கில் ஏறாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதைச் சொன்னதும், படிக்கும்போதே வாரம் 24 மணி நேரம் வேலை பார்க்கலாமே என்றார். முழுநேர மாணவனாக இருக்கும்போது செய்கிற வேலையும் அந்த ஓராண்டில் சேராது. அதையும் சொன்னேன். பர்மிட் முடிந்ததும் இன்னொரு கோர்ஸில் சேர்ந்து மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு படிப்புகளை அடுத்தடுத்து முடித்து, இரண்டின் காலத்தையும் சேர்த்துக் காட்ட வழி உண்டு. ஆனால் இரண்டாவது படிப்புக்கான கட்டணத்தைப் பற்றி இவர் என் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் "அங்கே போய்விட்டால் வழி தானாகப் பிறக்கும் மேடம்" என்ற இடத்திலேயே வந்து நின்றார். கனடாவுக்கு வந்து வருடக்கணக்காக இருக்கிறவளிடமே இதைச் சொல்கிறார்.

பிறகுதான் எந்தப் படிப்பு என்று கேட்டேன். வணிக மேலாண்மை என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் பட்டம் தராத கல்லூரிப் படிப்பில் சேர்ந்தால், பிந்தைய வேலை அனுமதி கிடைக்க அந்தப் படிப்பு அரசு வகுத்த துறைப்பட்டியலில் இருந்தாக வேண்டும். மருத்துவத் துறை, தொழிற்கலைகள், வேளாண்மை போன்றவை அதில் உண்டு. வணிக மேலாண்மை இல்லை. ஆக, இவ்வளவு நேரம் நாங்கள் சண்டை போட்ட அந்த எட்டு மாத அனுமதிகூட அவனுக்குக் கிடைக்காது. "அப்படியா மேடம், இப்போதுதான் மாற்றியிருப்பார்கள், பார்க்கிறேன்" என்றார். பிறத்தியார் பிள்ளையின் எதிர்காலத்தை அவர் அந்த லட்சணத்தில்தான் வைத்திருக்கிறார்.

முகவரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஓராண்டுப் படிப்பை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தவர்களையும் இந்த ஏற்பாடு எப்படி வதைக்கிறது என்பதை டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நான் குடியிருந்த பேஸ்மென்ட் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என்னோடு தங்கியிருந்த பெண்ணுக்கு ஓராண்டு அனுமதி கிடைத்தது. கேட்பதும் ஓராண்டு அனுபவம், தருவதும் ஓராண்டு அனுமதி என்றால், அனுமதி கைக்கு வந்த மறுநாளே தகுதியான வேலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடையில் கல்லாவில் நிற்பதும் கிடங்கில் பெட்டி தூக்குவதும் இந்தக் கணக்கில் வேலையே ஆகாது. அவளுக்கு அலுவலக வேலை கிடைப்பதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அங்கேயே அவளுடைய கணக்கு தோற்றுப்போயிற்று. அதன் பிறகு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பயனில்லை. தற்காலிகமாக வருபவர்களுக்குத் தருகிற, 9-இல் தொடங்குகிற, வேலை பார்க்கத் தேவையான சமூகக் காப்பு எண்ணுக்கும் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்கியதும், புதிய அனுமதியின் நகல் எங்கே என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரத் தொடங்கியது. அவளிடம் அனுப்ப என்ன இருந்தது? பி.ஆர். முடிவு வரும்வரை வேலை பார்க்க இடைக்கால அனுமதி வேண்டுமானால் பி.ஆர். விண்ணப்பம் ஏற்கெனவே போயிருக்க வேண்டும், விண்ணப்பம் போக வேண்டுமானால் விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வர வேண்டும், அழைப்பு வர வேண்டுமானால் அந்த ஓராண்டு முடிந்திருக்க வேண்டும்.

ஓராண்டு முடிந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியவர்களுக்குத்தான் அந்த அழைப்பை அனுப்புகிறார்கள். கனடாவில் ஓராண்டோ இரண்டாண்டோ படித்ததற்கு மதிப்பெண் 15. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த 50 மதிப்பெண்ணையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு கனடிய அனுபவப் பிரிவில் அழைப்புக்குத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண் 500-க்கு மேலேயே நின்றது. முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு பிறந்தநாளிலும் மதிப்பெண் குறைகிறது. கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, வரியையும் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதர் தன்னை நிரூபிக்கத் தேவையான காலத்தைக்கூடத் தராத ஏற்பாடு நியாயமானதே அல்ல. குறைந்தபட்சம் ஆறு மாதமாவது கூடுதலாகத் தந்தால் என்ன?

கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்கென்று மட்டும் 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டிய நிலையில், சித்தப்பா நகையை அடகு வைக்க இருந்தார். எட்டு மாதப் படிப்பில் பி.ஆர். உறுதி என்பதை முத்திரையிட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் அந்த முகவர் சிக்னல் சரியில்லை என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். இன்று காலை சித்தப்பா முன்பணத்தைக் கேட்கப் போயிருக்கிறார். திருப்பித் தர முடியாதாம். வேண்டுமானால் அதே தொகையை வேறொரு நாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமாம். அங்கேயும் பி.ஆர். உறுதியாம்.