எத்தனையாம் பிள்ளை?

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்தால், கணிதத்தில் எது விளங்கவில்லை என்று கேட்பதற்கு முன்னரே வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டுவிடுவார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் வெட்டுப்புள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட நிலை வரைக்கும் வரிசையில் நின்றே பழகியவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, ஊழியர்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்திக் கடைசியில் நிற்பவரை அனுப்பிவிடும் முறை நான் வேலைசெய்த இடத்துக்கு வந்தபோது எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நான் அப்போது ஒரு நிதி நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் உதவி முகாமையாளர். எனக்குக் கீழே, வாகனம் போன்றவற்றைத் தவணைக்கடனில் கொடுக்கும் லீசிங் பகுதியில் ஒன்பது வெளிக்கள உத்தியோகத்தர்கள். கொழும்பிலிருந்து வந்த எக்செல் தாளில் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமிட வேண்டும். இருவருக்கு ஒரே இடம் கொடுக்க முடியாது. கீழ்ப் பத்து வீதத்தினர் விலக வேண்டும் என்பது விதி. ஒன்பது பேரில் பத்து வீதம் ஒரு முழு மனிதர்கூட இல்லை. ஆனாலும் கடைசி வரி தானாகவே சிவப்பாக மாறியது.

அந்தச் சிவப்பு வரியில் நான் எழுதியது, யாழ்ப்பாணத்தை அடுத்துக் கடலில் கிடக்கும் தீவுகளான தீவகத்துக்குப் பொறுப்பாக இருந்தவரின் பெயரை. முதலாவதாக வந்தவருக்குத் திருநெல்வேலியும் கொக்குவிலும். கடைகளும் முச்சக்கரவண்டிகளும் கூப்பிடு தூரத்தில். தீவகத்துக்காரர் நெடுந்தீவில் ஒரு தவணைப்பணம் வாங்குவதற்குக் குறிகாட்டுவான் இறங்குதுறை வரை மோட்டார் சைக்கிளில் போய், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகில் போக வேண்டும்; படகைத் தவறவிட்டால் அன்றைய நாளில் பாதி போய்விடும். கடற்றொழிலாளரின் பணம் கடலைப் பார்த்துத்தான் வரும். காற்றுக் கடுமையான நாட்களில் படகு இறங்காது, இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போன வாரத்தில் அந்த வீட்டு வாசலில் நின்று தவணை கேட்க மனச்சாட்சி உள்ள எவராலும் முடியாது. இவை எவற்றுக்கும் அந்தத் தாளில் நிரல் இல்லை. இருவரையும் இடம் மாற்றிவிட்டிருந்தால் பட்டியலும் தலைகீழாகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எட்வேர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் இதைச் செய்தே காட்டுவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளோடு ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகளைக் கலந்து வைத்து, ஐம்பது குழிகள் கொண்ட தட்டால் ஒவ்வொருவரையும் அள்ளச் சொல்வார். சிவப்புக் குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, கூடுதலாக வந்தவருக்குக் கண்டிப்பு. அள்ளியவர் எவருக்கும் பெட்டிக்குள் இருப்பதை மாற்றும் அதிகாரம் இல்லை. எங்கள் கிளையில் அந்தப் பெட்டி தீவகமாக இருந்தது.

இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர், 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைமையில் இருந்த ஜாக் வெல்ச். மேலே இருபது வீதம், நடுவில் எழுபது, கீழே பத்து என்பது அவருடைய கணக்கு. பெரும் ஆளணி கொண்ட நிறுவனத்துக்காக வகுத்த கணக்கை ஒன்பது பேருக்குப் பொருத்துவது எந்தப் புள்ளிவிபரத்திலும் அடங்காது. இதைப் போன்ற வரிசை முறையை வைத்திருந்த மைக்ரோசொஃப்ட் 2013இல் அதைக் கைவிட்டது. அங்கே கைவிட்டதை இங்கே புதுமை என்று இறக்குமதி செய்கிறோம்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. முன்பெல்லாம் மாலையில் பிளேன்ரீ குடிக்கும்போது, இன்ன ஊரில் வெங்காயம் கிண்டிய பிறகுதான் பணம் வரும், இன்னாருக்கு லீசிங் கொடுக்கலாம், இன்னார் ஏற்கெனவே மூன்று இடத்தில் கடன்பட்டிருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். புதிதாகச் சேரும் பொடியனுக்கு அதுதான் பயிற்சி. ஒருவர் போனதும் மிஞ்சிய எட்டுப் பேரும் தங்கள் குறிப்பெழுதும் சீ.ஆர். கொப்பிகளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு யாராவது ஒருவர் கடைசியாக வந்தே ஆக வேண்டும் என்று தெரிந்த பிறகு, பக்கத்து மேசைக்காரருக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பதாகிவிடுகிறது. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தீவகத்தில் நிலுவை ஏறியபோது, யாரிடம் போய் விசாரிப்பது என்பதைக்கூட அறிந்தவர் கிளையில் இருக்கவில்லை.

தீவகத்துக்காரர் போனது இராஜினாமாக் கடிதத்தோடு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் தனியார் நிறுவனமொன்று, ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பட்டியலில் கடைசியாக நிற்பது ஒழுக்கக் குற்றம் ஆகாது. அதனால்தான் “நீங்களாகவே எழுதித் தந்தால் நல்ல சான்றிதழ் தருவோம்” என்று ஆளைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார்கள். அவரும் எழுதினார். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த வீடு அது.

அப்படியானால் வேலைசெய்யாதவரைச் சும்மா வைத்திருப்பதா என்று கேட்பீர்கள். வேண்டாம். அவர் செய்யாத வேலை எது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள், திருந்தத் தவணை கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், களவோ பொய்யோ இருந்தால் முறையாக விசாரியுங்கள். அதற்கெல்லாம் முகாமையாளர் அந்த மனிதரோடு ஒரு நாளாவது குறிகாட்டுவானுக்குப் போய்வர வேண்டும். நான் ஒரு நாளும் போகவில்லை; மேசையில் இருந்தபடியே ஒன்பது என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.