ஒரே முக்கலில் முட்டை சாகாது

“புதுப் பவளத்தை டிப் மருந்தில் (ஒட்டியிருக்கும் புழுக்களை உதிர்க்கும் மருந்து நீர்) பத்து நிமிடம் முக்கினால் போதும், நேரே தொட்டியில் வைக்கலாம்” என்றொரு செய்தி மீன்தொட்டிக்காரர்களிடையே சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

டிப் மருந்தில் புழு உதிரும், அது சரி. முட்டைக்குள் மருந்து போகாது. அக்ரோபோரா என்ற பவள வகையைத் தின்னும் தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும்; கடித்த இடத்தில் வெளிறிய வட்டங்கள்தான் தெரியும். முட்டைகளை அடிப்பக்கம், சதையில்லாத வெற்று எலும்பில், பழுப்புத் திட்டாக இடும். 27 டிகிரி நீரில் அவை பொரிக்கச் சுமார் 11 நாள் ஆகும். அதாவது, மருந்தில் முக்கி எடுத்த அன்று சுத்தமாகத் தெரிந்த பவளத் துண்டு இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகளை விட்டுவிடும். மான்டிபோரா என்ற இன்னொரு பவள வகையைத் தின்னும் ஓடில்லாத கடல் நத்தையின் முட்டையும் இப்படித்தான் தப்பிக்கும்.

டிப்பில் இருக்கும்போதே பிப்பெட்டால் நீரைப் பீய்ச்சி அடியுங்கள். லென்ஸ் வைத்து அடிப்பக்கம் பாருங்கள். முட்டைத் திட்டைச் சுரண்டுங்கள், அல்லது அந்த அடித்துண்டையே வெட்டி எறியுங்கள். அப்புறம் தனித்தொட்டியில் ஆறு வாரமாவது வைத்து, வாரம் ஒருமுறை திரும்ப முக்குங்கள். டிப் நீர் ஒரு சொட்டுகூடப் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது.