பாதி ஆடுகளம் சலுகை அல்ல

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் நேரிலும் மீதிப்பேர் காணொளியிலும் பார்த்துவிட்டீர்கள் என்பதால், முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒரு விழாவின் நடுவே மாற்றுத்திறனாளிகளான நாங்கள் பெட்மின்டன் ஆடினோம், அவ்வளவுதான். மண்டபத்தின் பெயரும் ஏற்பாட்டாளரின் பெயரும் இந்தப் பதிவில் வராது. ஒலிவாங்கியில் வந்த ஒரு வசனம்தான் மூன்று நாட்களாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது: "இவர்களுக்குச் சலுகையாகப் பாதி ஆடுகளம் வழங்கியிருக்கிறோம், மனமிரங்கி ஒரு கைதட்டல் கொடுங்கள்."

பாதி ஆடுகளம் சலுகை அல்ல, விதி. காலில் கடுமையான பாதிப்போடு நின்று ஆடும் எஸ்எல்3 பிரிவிலும் சக்கர நாற்காலிப் பிரிவுகள் இரண்டிலும் ஒற்றையர் பெட்மின்டன் நீளவாக்கில் பாதியாக்கிய களத்திலேயே ஆடப்படுகிறது. நாற்காலியில் ஆடுபவர்களுக்கு வலையிலிருந்து முன் சேர்விஸ் கோடு வரையான 1.98 மீற்றரும் களத்துக்கு வெளியே. வலையை மட்டும் யாருக்காகவும் தாழ்த்துவதில்லை. நாற்காலியில் இருப்பவருக்கும் வலையின் நடுவில் அதே 1.524 மீற்றர் உயரம்தான். பாரிஸ் பராலிம்பிக்கில் 2024இல் இந்தியாவின் நிதேஷ் குமார் எஸ்எல்3 பிரிவில் பாதிக் களத்தில்தான் 21–14, 18–21, 23–21 என்று போராடித் தங்கம் வென்றார். அந்தப் பதக்கத்தை யாரும் பாதியாக வெட்டிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே இல்லை. மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கிழிந்த மீன்வலையொன்றைக் கட்டி, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டு, மாமாதான் எனக்கு விளையாடப் பழக்கினார். கச்சான் காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் மட்டுமே ஆட முடியும். அவர் போட்டதும் பாதிக் களம்தான். சர்வதேச விதி தெரிந்து அல்ல, மற்றப் பாதியில் கிணறு இருந்தது. இரண்டு காலும் நன்றாக உள்ள அந்த மனிதர் அந்தப் பாதிக்குள் என்னிடம் எத்தனை தடவை தோற்றார் என்பதை அவரே சொல்லட்டும். இடம் வலமாக அடித்து எதிராளியை ஓடவைக்க அங்கே வழியில்லை. வலையோரம் மெல்ல விழும் ஒரு பந்து, பின்கோட்டில் ஓர் உயரப்பந்து என்று முன்னும் பின்னுமாகவே ஆட்டம் நீளும். பின்னால் போய் உடம்பைத் திருப்பிப் பொய்க்காலில் நிற்பது என்ன வேலை என்று "சலுகை" என்றவர் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

"மேடையாவது தந்தார்களே, நன்றி கெட்டவர்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பொன்னாடைகளுக்கும் உரைகளுக்கும் இடையில் கிடைத்த இருபது நிமிடம் மேடை என்றால், நன்றி ஐயா, மிக்க நன்றி. "நேரம் போதவில்லை" என்பவர்களுக்கு: பிரதம அதிதிக்காக ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்த நேரம் யாருடையது? கைதட்டியவர்கள் நல்ல மனதோடுதான் தட்டினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. எந்த வீரர் எந்தப் பிரிவு என்று முறையாகத் தரம் பிரிக்க இங்கே ஆளில்லை என்ற கேள்வியும் நியாயமானதே. அதை இன்னொரு நாள் பேசலாம்.

உண்மையில் என்னை வருத்துவது அந்தச் சொல் மட்டும் அல்ல. எங்களோடு வந்த சக்கர நாற்காலிக்காரரை வாசற்படியில் நான்கு பேர் மூட்டையைப்போலத் தூக்கி ஏற்றும்போது அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1996இலும், கட்டிடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இலும் இலங்கையில் வந்துவிட்டன. சாய்தளம் வரவில்லை. ஆனால் விதிப்படி போட்ட கோடு மட்டும் எங்களுக்குத் தந்த தானமாகிவிட்டது.

ஆட்டத்தை 18–17இல் நிறுத்தினார்கள். கடைசிப் பந்து நடுக்கோட்டில் பட்டதா, வெளியே போனதா என்று நடுவர் சொன்னது பிரதம அதிதியை வரவேற்ற அறிவிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. எதிரே ஆடிய வாழைச்சேனை அண்ணன் நேற்றிரவு தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை விடியற்காலை எங்கள் வளவில், விட்ட இடத்திலிருந்து ஆடி முடிப்பதாகப் பேசியிருக்கிறோம். சேர்விஸ் என்னுடையது என்கிறேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.