ஆமா, 2013ல வேண்டாம்னுதான் சொன்னேன்

வண்ணாரப்பேட்டை மண்டபத்துல எங்க அக்கா மவன் கல்யாணத்துல எடுத்த அந்த வீடியோவ குரூப்ல எல்லாரும் பாத்தாச்சு, ஆளாளுக்கு சிரிச்சாச்சு, இப்ப நானும் கொஞ்சம் பேசிக்கிடுதேன். "எங்க மாமா மட்டும் அன்னிக்கு பிட்காயின் வாங்க விடாம தடுக்கலன்னா பொண்ண ஹெலிகாப்டர்ல கூட்டிட்டு வந்திருப்பேன்"னு மாப்பிள்ளை மைக்க பிடிச்சான்லா, அதத்தான் சொல்லுதேன்.

தடுத்தேன், இல்லன்னு சொல்லல. 2013 கடைசி, பிட்காயின்னு கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடுத காசு, ஒண்ணு ஆயிரம் டாலர தொட்ட நேரம். பயலுக்கு அப்ப வேலை கிடையாது, அக்கா செயின அடகு வச்சு வாங்கப் போறேன்னு வந்து நிக்கான். அந்த டிசம்பர்லதான் ரிசர்வ் பேங்க் இதுல ஆபத்து இருக்குன்னு எச்சரிக்கை விட்டுச்சு. பேங்க்ல சீட்ல உக்காந்திருந்தவன் வேற என்னத்த சொல்லுவேன்? 2014 பிப்ரவரில ஜப்பான்ல பிட்காயின் வாங்கி விக்குத மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச இழுத்து மூடி எட்டரை லட்சம் காயின் பக்கம் காணோம்னுட்டானுவ. 2015 ஜனவரில விலை 200 டாலர் பக்கம் கெடக்கு. அன்னிக்கு செயின் முங்கியிருந்தா அக்கா யார ஏசியிருப்பா? என்னத்தான்.

"விக்காம வச்சிருந்தா?"ன்னு கேப்பீய. இந்த "வச்சிருந்தா"வ வச்சுத்தான் ஊர்ல பாதிப் பேரு கோடீஸ்வரன். திரும்ப ஆயிரம் டாலர் வர 2017 ஆச்சு. மூணு வருசம் அடகு வட்டி கட்டிட்டு எவன்வே வச்சிருப்பான்? அசல் வந்தா போதும் சாமின்னு அன்னிக்கே வித்திருப்பான்.

எங்க அப்பா தொண்ணூறுகள்ல தேக்கு மரத் திட்டம்னு ஒண்ணுல பணம் போட்டாவ. பச்சை பார்டர் போட்ட பத்திரம், மேல மரம் படம், மடிப்புல கிழிஞ்சு செலோடேப் ஒட்டி இன்னும் பீரோவுல அம்மா பட்டுச்சேலைக்கு அடியில கெடக்கு. கம்பெனிக்காரன் ஓடுன பொறவும் "மரம் வளந்திருக்கும்லா"ன்னு சாகுத வரைக்கும் கேட்டுட்டே இருந்தாவ. அத பாத்து வளந்தவன்ட்ட வந்து கண்ணுல காங்காத காசுன்னா?

"ஒங்களுக்கு டெக்னாலஜி புரியல அங்கிள்"னு ஒரு தம்பி போட்டிருக்காரு. சரி தம்பி, புரியல. அக்கா மவனுக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்? "விலை ஏறுது மாமா"ன்னுதான வந்தான். மொத்தமே 2.1 கோடி காயினுக்கு மேல வராதுங்கதெல்லாம் நானா பொறவு படிச்சதுதான். 2024 டிசம்பர்ல ஒரு லட்சம் டாலர தாண்டுன அன்னிக்கு கால்குலேட்டர எடுத்துட்டு உக்காந்தேன், மனசு கெடந்து அடிக்கத்தான் செஞ்சுது, அதுக்காவ மண்டபத்துல வச்சா என்னய கேலி பண்ணுவான்?

அவன் படிப்பு லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவன் யாரு? அத மைக்ல சொல்லல. முன்வரிசையில உக்காந்து அக்காவும்லா சிரிக்கா.

2021ல நாய் படம் போட்ட காயினெல்லாம் வாங்குனான், அப்ப மாமாட்ட கேக்கல. லாபத்துக்கு 30 சதவீதம் வரி, ஒரு காயின் நஷ்டத்த இன்னொரு காயின் லாபத்துல கழிக்க முடியாதுன்னு 2022 பட்ஜெட்ல வந்ததும்தான் பேப்பர தூக்கிட்டு பெருமாள்புரத்துல என் வீட்டுக்கு ஓடி வந்தான், அந்தச் சட்டத்தயும் நான் போட்டது மாதிரி ஒரு மொறைப்பு வேற. மருமவனே, இந்த வருசம் ரிட்டர்னுக்கு டவுன்ல நல்ல ஆடிட்டரா பாத்துக்கோ. ஃபீஸ் கேப்பாரு, குடு.