பால் பல் சொத்தையை அப்படியே விடலாமா?

"பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும், சொத்தைக்கு வைத்தியம் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. முன்பற்கள் 6, 7 வயதில் விழும், உண்மைதான். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிலைப்பல்லும் கெடலாம். முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சரிந்து, புதுப்பல்லுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். பிள்ளை வலியில் சாப்பிடாமல், தூங்காமல் தவிப்பது தனி.

இன்றே குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளை தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் பல் மருத்துவரிடம் போனால் ஃப்ளூரைடு பூச்சிலேயே நிறுத்திவிட வாய்ப்புண்டு. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும், பாலின் சர்க்கரை பல்லிலேயே தங்கும். முதல் பல் முளைத்ததிலிருந்து 3 வயது வரை, அரிசியளவு ஃப்ளூரைடு பற்பசையால் காலையும் இரவும் நீங்களே தேய்த்துவிடுங்கள்.