திருத்துவதற்கு முன் ஒரு முறை வாசியுங்கள்

ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நேற்று ஒரு விடைத்தாளின் படத்தைப் போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விடுப்பு கேட்டு எழுதிய ஆங்கிலக் கடிதம். மூன்று வரிக்குள் எட்டுப் பிழைகள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள். நான் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். அங்கே சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

22 ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் நடந்தது இது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு ‘என் தாய்’ என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தேன். அறுபது தாளில் ஐம்பதுக்கு மேல் ஒரே வரியில் தொடங்கின: ‘காட் குட் நாட் பி எவ்ரிவேர், ஸோ ஹி கிரியேட்டட் மதர்ஸ்.’ கடவுளால் எல்லா இடத்திலும் இருக்க முடியவில்லை, அதனால் தாயைப் படைத்தார். கட்டுரை நோட்டில் நான் எழுதிப் போட்ட வரிதான் அது. எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவர்களுக்கு எட்டும் எட்டரையும் போட்டுக்கொண்டே போனேன்.

ஒரு பெண் மட்டும் நோட்டில் இருந்ததை எழுதவில்லை. நான்கே வரிகள்.

‘மை மதர் கேஷ்யூ பிரேக்கிங். ஹெர் ஹேண்ட் பிளாக். ஷீ ஈட் ஸ்பூன். சீசன் டைம் ஷீ நாட் டச் மை ஃபேஸ்.’

நான்கு வரியிலும் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். துணைவினை இல்லை, முன்னிடைச்சொல் (பிரிப்போசிஷன்) இல்லை, காலம் இல்லை. மூன்று மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அறிவியல் ஆசிரியர் அந்த ஊர்க்காரர். ஏதோ எடுக்க வந்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். “என்ன டீச்சர், இதற்கா மூன்று?” என்றார். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோலைப் பொசுக்கிவிடும் என்று அவர்தான் சொன்னார். கொட்டை உடைக்கும் பெண்கள் விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து போகும். அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியாது, அதனால் ஸ்பூன். அந்தக் கையால் பெற்ற மகளின் கன்னத்தையும் தொட முடியாது.

இதெல்லாம் அந்த நான்கு வரியில் இருந்தது. நான் வாசிக்கவில்லை, திருத்தினேன்.

அறிவியல் ஆசிரியருக்கு என்னளவு ஆங்கில இலக்கணம் தெரியாது. ஆனால் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பது அவருக்குத்தான் கேட்டது. மூன்றை அடித்துவிட்டு ஏழு போட்டேன். அன்று இரவு அந்த விடைத்தாள் கட்டைப் பிரித்து முதலிலிருந்து வாசித்தேன். எட்டரை வாங்கிய கட்டுரை எதிலும் ஒரு தாய் கூட இல்லை.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒப்பித்தால் மதிப்பெண் என்று நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ‘மெல்ல மலரும் மாணவர்கள்’ என்று அழகாகப் பெயர் வைத்து, அவர்கள் கையில் எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற ஒரே பத்தியைக் கொடுத்துவிடுகிறோம். ‘இது மிகவும் சுவையான கதை, ஆசிரியர் தம் கருத்தை அழகாகச் சொல்லியிருக்கிறார்’ என்கிற ரீதியில் ஆங்கிலத்தில் எட்டு வரி இருக்கும். தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். எந்தக் கதையைக் கேட்டாலும் கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு வரலாம். பாஸ் செய்ய வைக்கத்தான் கொடுக்கிறோம், எனக்கும் அந்த நெருக்கடி தெரியும். ஆனால் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்த பிள்ளை தனக்கென்று ஒரு வாக்கியம்கூட எழுதாமலே பள்ளியை விட்டு வெளியே போகிறது. அதை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டுவதில்லை.

பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மேல்நிலை வகுப்பென்றால் காலையில் 12 தாள், பிற்பகலில் 12 தாள். முதன்மைத் தேர்வாளர் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், விடைக்குறிப்பு கையில் இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அதில் ஒரு மதிப்பெண் கேள்விகள், செய்யுள் வரிகள், கூட்டல், பக்கவாரி மதிப்பெண் எல்லாம் போக, ஒரு கட்டுரைக்கு மிஞ்சுவது ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் கண் எதைப் பார்க்கும்? கையெழுத்தை, நீளத்தை, அடிக்கோடிட்ட துணைத்தலைப்பை. மாலை நான்கு மணிக்கு நான் போடும் ஆறும், காலை பத்து மணிக்கு நான் போடும் ஆறும் ஒன்றில்லை என்பது எனக்கே தெரியும். அப்படி மாறும் அரை மதிப்பெண்ணில் ஒரு பிள்ளையின் கல்லூரி மாறிப்போகலாம்.

இது நம் ஊர் நோய் மட்டுமா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. அமெரிக்காவில் 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டே ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பியதில், ஒரே தாளுக்கு நூற்றுக்கு 64 போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை. அதே நாட்டில் 1961-இல் பால் டீட்ரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஆசிரியர்களோடு எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், வணிகத்துறையினரும் அந்த 53 பேரில் உண்டு. 101 கட்டுரைகள் ஒன்பது தரத்தையும் வாங்கின. அதாவது ஒருவருக்கு முதல் தரமாகப் பட்டது இன்னொருவருக்குக் கடைசித் தரம். ஏன் இப்படி என்று அவர்கள் அலசியபோது தெரிந்தது இதுதான்: சிலர் கருத்தைப் பார்த்தார்கள், சிலர் அமைப்பை, சிலர் நடையை, சிலர் பிழையை, சிலர் சொற்களை. அவரவர் தராசு அவரவருக்கு.

தராசு வேறுபடுவதைத் தடுக்க முடியாது. ஆனால் எதை நிறுக்கிறோம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள முடியும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதுகிறவர்களுக்கென்றே ஹோலி ஜேக்கப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் ஒரு மதிப்பீட்டு அட்டவணை தந்தார்கள். நூற்றில் உள்ளடக்கத்துக்கு 30, அமைப்புக்கு 20, சொல்வளத்துக்கு 20, இலக்கணம் உள்ளிட்ட மொழிப் பயன்பாட்டுக்கு 25. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, கையெழுத்து எல்லாம் சேர்ந்து வெறும் 5. நாம் இந்தக் கடைசி ஐந்தைப் பார்த்துத்தான் பிள்ளையின் தலையெழுத்தை முடிவு செய்கிறோம்.

பிழைகளையும் சரியாகப் பார்க்கிறோமா? ‘கை கறுப்பு’ என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம். வினைச்சொல்லே வேண்டாம். அந்தப் பெண் ‘ஹெர் ஹேண்ட் பிளாக்’ என்று எழுதியது அறியாமையா? தன் மொழியின் இலக்கணத்தைச் சுத்தமாகப் பின்பற்றியிருக்கிறாள். ‘போனேன்’ என்றால் போனது நான் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் நம் பிள்ளைகளின் ஆங்கில வாக்கியத்தில் ‘நான்’ என்கிற ‘ஐ’ விட்டுப்போகிறது. ‘ஸ்பூனால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ சொல்லின் வாலில் ஒட்டி வருவது. ஆங்கிலத்தில் அது சொல்லுக்கு முன்னால் தனியாக வந்து நிற்க வேண்டும் என்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து காட்ட வேண்டும். பன்றிக்கும் ‘பெரிய’ என்பதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘பிக்’தான். ஒரே எழுத்தை இரண்டு ஒலிக்கும் எழுதிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் இடம் மாற்றி எழுதினால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கற்பவரின் பிழை அவருக்குள் உருவாகிவரும் மொழியமைப்பைக் காட்டும் தடயம் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் தடயத்தைச் சிவப்பு மையால் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

“வேலைக்குப் போகும் இடத்தில் இந்த ஆங்கிலத்தை யார் ஏற்றுக்கொள்வார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் இலக்கணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, இலக்கணம் கற்பித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ‘ஷீ நாட் டச்’ என்று எழுதியவளுக்கு ‘டஸ்’ என்ற ஒரு சொல்லைக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். கடவுளால் எல்லா இடத்திலும் இருக்க முடியாது என்று ஒப்பித்தவனுக்கு நான் எதைக் கொடுப்பேன்? அவன் தாளில் பிழையே இல்லையே.

அந்த ஆண்டிலிருந்து என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வகுப்புக் கட்டுரைகளை முதல் முறை வாசிக்கும்போது பேனாவைப் பைக்குள் வைத்துவிடுவேன். பிள்ளை சொன்னதற்குப் பதிலாக ஒரு வரி எழுதுவேன், பென்சிலால். இரண்டாம் முறை ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் குறிப்பேன். இந்த மாதம் வினைச்சொல்லின் காலம் என்றால் அது மட்டும்தான். கட்டு முடிந்ததும் முதல் ஐந்து தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன், அநேகமாக ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு பேருக்காவது மதிப்பெண் மாறும். பெயர் தெரியாமலிருக்க முதல் பக்கத்தை மடித்துவிடுவேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரும் நானும் பருவத்துக்கு ஒரு முறை பத்துத் தாள்களை மாற்றித் திருத்திப் பார்க்கிறோம். முதல் முறை மூன்று தாளில் நான்கு மதிப்பெண் வித்தியாசம் வந்தது. இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். ஆசிரியப் பணியில் நான் அதிகம் கற்றுக்கொண்ட இரண்டு மணி நேரம் அது.

இதற்கு நேரம் எங்கே என்பவர்களுக்கு: எல்லாப் பிழையையும் வட்டமிட்டுக்கொண்டிருந்த காலத்தைவிட இப்போது எனக்கு நேரம் குறைவாகத்தான் ஆகிறது.

முந்திரி உடைப்பவரின் மகளுடைய தாளில்தான் அந்தப் பென்சில் வரியை முதன்முதலாக எழுதினேன். சீசன் முடிந்ததும் அம்மாவின் கை பழையபடி ஆகிவிடுமா என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டிருந்தேன். தாளைக் கொடுத்த மறுநாள், முதல் மணி அடிப்பதற்கு முன்பே மேசைமேல் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். என் கேள்விக்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தது:

‘ஃபுல் நாட் கோ மிஸ். பட் தீபாவளி டைம் ஷீ டச் மை ஹெட். ஆயில் பாத்.’